பலகையில் நான் கீறிய நாள்

ஆண்ட்வெர்ப் நகரம், ஆற்றங்கரைச் சிறையின் எழுத்தர் அறை. 1630 டிசம்பர் 5, காலை எட்டு மணி. ப்ரஸ்ஸல்ஸ் அரசவையின் ஆணையர் முன்னிலையில், சாட்சி தன் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. சாட்சி அழைக்கப்படவில்லை, தானாக வந்தவர்.

பெயர் மெக்டெல்ட் கோர்ட்ஸ். வயது முப்பத்தெட்டு. பிறந்த ஊர் வடக்கே டெவென்டர். தற்போதைய விலாசம் ஆண்ட்வெர்ப், தோல் பதனிடுவோர் தெரு, பொதுக் கிணற்றுக்கு எதிர் வீடு. தொழில் ஓவியர்களின் ஓக் பலகைகளுக்கு வெள்ளை பூசுவது. மதம் கத்தோலிக்கம். கணவர் யோரிஸ் ப்ரூக்மான்ஸ், பலகைத் தச்சர். விதவையா என்று எழுத்தர் கேட்டார். இல்லை, கணவர் இந்தக் கட்டடத்திலேயே, இந்த அறைக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறார் என்று சொன்னேன்.

நான் பைபிளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து சொல்வது யாதெனில், பிரிந்து தனி அரசான வடக்குக்கும் ப்ரஸ்ஸல்ஸ் ஆளும் இந்தத் தெற்குக்கும் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் இருந்த காலத்தில், 1614ஆம் ஆண்டு, மரம் வாங்க டெவென்டருக்கு வந்த மேற்படி யோரிஸுக்கும் எனக்கும் அவ்வூரில், தூய மார்ட்டின் திருநாளன்று திருமணம் நடந்தது. அதன் பிறகு நான் அவருடன் இந்த நகரத்துக்கு வந்தேன். அவர் பலகை செய்வார், நான் வெள்ளை பூசுவேன். ஏழு வருடம் எங்களுக்குள் சண்டை என்றால் பாலை யார் தீய விட்டது என்பதுதான். 1621 மார்ச் மாதம் அவர் ஓக் மரம் பார்த்து வாங்க டெவென்டருக்குப் புறப்பட்டார். மூன்று வாரத்தில் வருவதாகச் சொன்னார். ஏப்ரலில் போர்நிறுத்தம் முடிந்தது. அங்கே மாட்டிக்கொண்டவர் வயிற்றுப்பாட்டுக்காக அவ்வூர்ப் படைக்குப் பீரங்கி வண்டிச் சக்கரம் செய்து கொடுத்தார். அந்தச் செய்தி இங்கே எட்டியது. அதன் பிறகு அவர் இந்த நகரத்தில் கால் வைக்கக் கூடாது என்று சந்தையில் பறைசாற்றினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றுதான் கேட்டேன். கையில் அப்போது வாங்கிய முட்டைகள் இருந்தன. ஒன்றும் உடையாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நான் வடக்கே போக அனுமதிச்சீட்டு கேட்டு நான்கு முறை மனு செய்தேன். நான்கு முறையும் மறுக்கப்பட்டது.

கணவர் போன பிறகு நான் ஓவியர் திரு. ஹூப்ரெக்ட் ஸ்ட்ராலன் அவர்களின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவரைப் பற்றி நான் ஆணையருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வரைந்த பீடப் படங்கள் இல்லாத கோவில் இந்த நகரத்தில் குறைவு. அவர் அடிக்கடி வெளியூர் போவது படம் வரைய மட்டும்தான் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். இரு தரப்புப் படைகளும் அவருக்கு அனுமதிச்சீட்டு கொடுத்தன. வடக்கே உள்ள பிரபுக்களுக்கும் தங்கள் முகத்தைச் சுவரில் பார்க்க ஆசை இருந்தது.

1625ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர் என்னைத் தனியாக அழைத்து, முழங்கை நீளப் பலகை ஒன்றைக் காட்டினார். அதன் முன்பக்கத்தில் குத்தூசியால் கீறிய எழுத்துகள் இருந்தன.

“மெக்டெல்ட், இதுமேல வெள்ளை போட்டுக் குடு. எழுத்து துளிகூடத் தெரியக் கூடாது. என்ன ஏதுன்னு கேக்காத.”

“கேக்க மாட்டேன்யா. ஆனா எனக்குப் படிக்கத் தெரியும். அதை மொதல்லயே சொல்லிடறேன்.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப படிச்சுட்டே போடு” என்றார்.

வடக்குக்கும் தெற்குக்கும் மறுபடி போர்நிறுத்தம் கொண்டுவர அரசவை ரகசியமாகப் பேசுகிறது என்பதையும், அந்தப் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருபவர் எங்கள் ஓவியர்தான் என்பதையும் நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நாடாள்கிற பெரிய மனிதர்கள் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்து, பொழுது போகாமல் வாயைத் திறப்பார்களாம். “தூரிகை கையில இருந்தா எவனும் என் காதைக் கவனிக்க மாட்டான்” என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்.

வேலை நடந்த விதம் பின்வருமாறு. ஓவியர் சேதியைப் பலகையில் கீறுவார். அதன் மேல் நான் சீமைச்சுண்ணாம்பும் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையும் கலந்து ஆறு பூச்சு பூசித் தேய்ப்பேன். கீறல் நிரம்பி, பலகை முட்டை ஓடு மாதிரி வழவழப்பாகிவிடும். அதன் பிறகு பட்டறையில் யாராவது அதன் மேல் திராட்சையோ மீனோ வரைவார்கள். டெவென்டரில் அதைப் பெற்றுக்கொள்பவர் திரு. லுபெர்ட் ஹாக், அவ்வூர் மன்ற உறுப்பினர், வடக்கின் தரப்பில் பேசியவர். அவர் படத்தைக் கத்தியால் சுரண்டி, கீழே உள்ள சேதியைப் படிப்பார். ஐந்து வருடத்தில் இப்படிப் பதினான்கு பலகை போயிற்று. என் வெள்ளைக்கு இந்த நகரத்தில் ஒரு பெயர் உண்டு. பதினான்கையும் சுரண்டிக் குப்பையில் போட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆத்திரம்தான். இருந்தாலும் போர்நிறுத்தம் வந்தால் யோரிஸ் மேல் உள்ள தடை தானாகப் போய்விடும் என்பதால் பதினான்கையும் மனதாரப் பூசினேன்.

மேற்படி ஓவியர் டெவென்டரில் என் கணவரை மூன்று முறை பார்த்தார். முதல் முறை திரும்பி வந்து, தாடி நரைத்திருக்கிறது என்றார். இரண்டாம் முறை, நான் இன்னும் பாலைத் தீய விடுகிறேனா என்று யோரிஸ் கேட்டதாகச் சொன்னார். மூன்றாம் முறை யோரிஸ், ஓவியர் மேசைமேல் கழற்றி வைத்த கையுறையை எடுத்து முகர்ந்து பார்த்தாராம். “இதுல எங்க வீட்டுப் பசை வாசம் வருதுங்க” என்று மட்டும் சொன்னாராம். அன்று நான் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பட்டறையில் தலைவலி என்று சொன்னேன். அது பொய்.

நினைத்திருந்தால் எனக்கு அனுமதிச்சீட்டு வாங்கித் தர ஓவியரால் முடிந்திருக்கும். 1627இல் நான் அவரிடம் நேராகக் கேட்டேன். “நீ போயிட்டா எனக்கு யாரு வெள்ளை போடுவா?” என்றார். எனக்கு நிறையத் தெரியும், அதனால் என்னை விடமாட்டார் என்பது அப்போது புரிந்தது. அதற்காக ஒரு மாதம் அவருக்கு வணக்கம் சொல்லாமல் இருந்தேன். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்நிலையில் இவ்வருடம் செப்டம்பர் கடைசியில் ஓவியர் என்னை அழைத்தார். பேச்சு முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது, எழுத்தில் ஆகாது, லுபெர்ட் ஹாக் நேரில் வரவேண்டும், ஆற்றுக்கு இப்பக்கம் அணைக்கரைமேல் உள்ள ‘வெள்ளைக் கொக்கு’ சத்திரத்தில் சந்திக்கப் போகிறோம் என்றார். நம் காவல் படை நவம்பர் 10 முதல் 13 வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகு சொன்னதுதான் முக்கியம்.

“படப்பெட்டி தூக்க ஒரு தச்சனோட வரச் சொல்லி எழுது. எந்தத் தச்சன்னு ஹாக்குக்குத் தெரியும். நீயும் என்னோட சத்திரத்துக்கு வர்ற.”

நான் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அவருக்கு விரல் முட்டுகளில் வாதம். வலியில் கத்திவிட்டார். அந்த வாதத்தினால்தான் அந்தப் பதினைந்தாவது பலகையை அவரால் கீற முடியவில்லை. அவர் சொல்ல நான் கீறினேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். டெவென்டரில் பழைய நாட்காட்டி. போப்பாண்டவர் திருத்திய புது நாட்காட்டியை அவ்வூரார் ஏற்கவில்லை. ஆகவே நமக்கு நவம்பர் 11 என்றால் அவர்களுக்கு அன்று நவம்பர் 1தான். அவர்களுடைய 11ஆம் தேதி நமக்குப் பத்து நாள் கழித்து வரும். இது குழம்பக் கூடாது என்பதற்காக ஓவியர் எப்போதும் இரண்டு தேதியும் எழுதுவார். மேலே அவர்கள் தேதி, நடுவில் ஒரு கோடு, கீழே நம் தேதி. அன்றும் அவர் சரியாகத்தான் சொன்னார். “ஒண்ணு, கோடு, பதினொண்ணு, நவம்பர்” என்றார். என் காதில் தெளிவாக விழுந்தது.

நான் அப்படிக் கீறவில்லை. ‘தூய மார்ட்டின் திருநாளில்’ என்று கீறினேன்.

ஏன் என்று ஆணையர் கேட்டார். நவம்பர் 11 மார்ட்டின் திருநாள், அது எங்கள் கல்யாண நாள். எண்ணில் எழுதினால் அது அரசாங்கத்தின் சேதி. மார்ட்டின் திருநாள் என்று எழுதினால், ஹாக் அதை வாசித்துச் சொல்லும்போது, இதைக் கீறியது நான்தான் என்று யோரிஸுக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வருடத்தில் அவருக்கு என் கையால் ஒரு சொல்கூட அனுப்பியதில்லை. அந்த ஆசையில் கீறினேன். பதினாறு வருடமாக இந்த ஊர் மார்ட்டின் நாளைக் கொண்டாடிக் கொண்டாடி, என் சொந்த ஊருக்கு வேறு மார்ட்டின் நாள் இருப்பதையே மறந்துபோனேன். நான் கல்யாணம் செய்துகொண்டதே அந்த மார்ட்டின் நாளில்தான். ஓவியர் பலகையைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்னை நம்பினார். நான் அன்று மாலைக்குள் முதல் பூச்சு போட்டுவிட்டேன்.

நவம்பர் 10ஆம் தேதி நானும் ஓவியரும் மேற்படி சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சத்திரக்காரி டன்னகே எனக்குப் பழக்கம், விலாங்கு மீன் விற்க இந்த ஊர்ச் சந்தைக்கு வருபவள். நான் புது வெள்ளைத் தலைத்துணி கட்டியிருந்தேன். அவள் பார்த்த உடனே, “என்னடி, கல்யாணப் பொண்ணு கணக்கா வந்து நிக்கற?” என்றாள். 11ஆம் தேதி அவள் மார்ட்டின் நாளுக்கென்று வாத்து வறுத்தாள். படகுத்துறை தெரியும் வாசல் பெஞ்சில் நான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. 12ஆம் தேதியும் உட்கார்ந்திருந்தேன். 13ஆம் தேதி மழை, அப்போதும் உட்கார்ந்திருந்தேன். ஓவியர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. தன் மேலங்கியைக் கொண்டுவந்து என்மேல் போட்டுவிட்டுப் போனார். அன்று பிற்பகல் இருவரும் ஊர் திரும்பினோம். யோரிஸுக்கு என்மேல் ஆசை விட்டுப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 24ஆம் தேதி நம் படை, வெள்ளைக் கொக்கு சத்திரத்தில் எதிரியின் தச்சன் ஒருவனைப் பிடித்துவந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். 26ஆம் தேதி ஓவியர் வீட்டு வாசலில் காவலர்கள் நின்றார்கள். ஓவியர் வரச் சொல்லிவிட்டுத் தன்னைப் பிடிக்க ஆள் வைத்தார், பேச்சுவார்த்தை என்பது பொறி, இனி ஒரு சொல்லும் பேசுவதற்கில்லை என்று லுபெர்ட் ஹாக் வடக்கிலிருந்து எழுதிவிட்டதாக அறிந்தேன். ஓவியரைப் பார்க்க என்னை மட்டும் விட்டார்கள், பசை காய்ச்சுபவள்தானே என்று. அவர் தூரிகையைத் தொடவில்லை. “வயசாயிடுச்சு மெக்டெல்ட். தேதியைத் தப்பாச் சொல்லியிருப்பேன் போலிருக்கு” என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அது என் மண்டையில் ஏற மறுநாள் டன்னகே சந்தைக்கு வரவேண்டியிருந்தது.

அவள் மீன் கூடையை என் வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

“உன் புருஷன் வந்தான்டி. நீ போயி எட்டு நாளைக்கு அப்புறம், இருபத்தொண்ணாந் தேதி. வந்ததும், ‘இன்னைக்கு மார்ட்டின் நாளு, எங்க கல்யாண நாளு, எம் பொண்டாட்டி எங்க?’ன்னான். நான் சொன்னேன், ‘நல்லா இருக்கே கூத்து! மார்ட்டின் வந்துட்டுப் போயி பத்து நாளாச்சுப்பா, வாத்து எலும்பைக்கூட நாய் தின்னுடுச்சு’ன்னு. அவன் விரல் விட்டு எண்ணிப் பாத்தான். அப்புறம் சிரிச்சான் பாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. ‘ஐயோ, அவ ரெண்டு மார்ட்டினையும் ஒண்ணாக்கிட்டா’ன்னான்.”

ஹாக் படகை விட்டு இறங்காமலே இருந்தாராம். ஓவியர் இல்லை என்றதும் படகைத் திருப்பச் சொன்னாராம். யோரிஸ் ஏறவில்லை. நான் தப்பை உணர்ந்து திரும்பி வருவேன், ஒரு நாள் பார்க்கிறேன் என்றாராம். நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று டன்னகேயிடம் கேட்டு, அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாராம். ஒரு நாள் இரண்டாயிற்று. 23ஆம் தேதி காலை காவல் படை வழக்கம்போல் அணைக்கரைமேல் வந்தது. ஓட இடம் இருந்ததாம். ஏதோ பெண் குரல் கேட்டதை என் குரல் என்று நினைத்து எழுந்து அவர்கள் பக்கமே நடந்தாராம்.

பிடிபட்ட நாளிலிருந்து அவரை மூன்று முறை விசாரித்திருக்கிறார்கள். தேதி எப்படித் தவறியது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை என்று ஆணையர் இப்போது சொன்னார். எனக்காகத்தான். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

இன்று நண்பகல் கடலேற்றத்தால் ஆற்றில் நீர் ஏறியதும் கைதிப் பரிமாற்றப் படகு வடக்கே போகிறது. யோரிஸ் படைத் தச்சர் என்பதால் நம் கைதி ஒருவருக்கு ஈடாக அதில் அனுப்பப்படுகிறார். சிறைக்காவலரின் மனைவி நல்லவள். துறையில் படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றால் அவர் ஏறும்போது பேசலாம், கையைக்கூடத் தொடலாம் என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான்கு நாளாக அந்தப் படிக்கட்டைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

ஆனால் கைதிகளை மாற்றிக்கொள்ள வந்த வடக்கின் அதிகாரியும் அதே படகில்தான் திரும்புகிறார், பேச்சு முறிந்தது என்ற நம் அரசவையின் கடிதத்தோடு. அவர் போன பிறகு நான் உண்மையைச் சொல்லிப் பயன் இல்லை. பொறி வைத்தார் என்ற பழி ஓவியர்மேல் நின்றுவிடும், போர்நிறுத்தமும் வராது. உண்மையைச் சொன்னால், அரசாங்கச் சேதியை மாற்றி எழுதியவள் என்று என்னை இங்கேயே நிறுத்திவைப்பார்கள், துறைக்குப் போக முடியாது. இது தெரிந்தேதான் காலையில் வந்தேன். தண்டனை என்னவென்று தெரியுமா என்று ஆணையர் கேட்டார். தெரியாது, தெரிந்துகொள்ள இப்போது நேரமும் இல்லை என்றேன்.

எதிரிக்கு உதவ வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டார். இல்லை. ஓவியர் சொல்லித்தான் அப்படி எழுதினேன் என்று சொன்னால் இப்போதே போகலாம் என்றார். மணி அப்போது பதினொன்று அடித்தது. இங்கிருந்து துறைக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓவியர் சொன்னது சரியான தேதி, மாற்றியது நான் என்று மறுபடியும் சொன்னேன்.

இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை அதே படகில் வடக்கின் அதிகாரியிடம் கொடுத்தனுப்ப ஆணையர் ஒப்புக்கொண்டார். பலகை பற்றித் தெரிந்த சாட்சி என்ற முறையில் யோரிஸுக்கும் அது படித்துக் காட்டப்படும் என்றார். அப்படியானால் கடைசியில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றேன். அது வழக்குக்குத் தேவையற்றது என்று ஆணையர் சொன்னார். சாட்சி சொல்வதைச் சொன்னபடி எழுதுவதுதான் விதி என்று எழுத்தர் தலை நிமிராமல் சொன்னார். ஆணையர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆகவே சொல்கிறேன்.

யோரிஸ், நான் வந்திருந்தேன். மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். கீழே உன்னைக் கூட்டிப்போகிற சங்கிலிச் சத்தம் எனக்கு இப்போது கேட்கிறது, துறைக்கு நான் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அடுத்த முறை உன்னை வரச் சொல்லும்போது எண்ணில் எழுதுகிறேன், இரண்டு தேதியும் எழுதுகிறேன். நீ வா.

மேலே எழுதியவை யாவும் நான் சொன்னவை. எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். யாரும் மிரட்டவில்லை, எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இரண்டு பிரதியிலும் என் கையால் ஒப்பமிடுகிறேன். படகுக்கான பிரதியில் முதலில்.

(ஒப்பம்) மெக்டெல்ட் கோர்ட்ஸ், யோரிஸ் ப்ரூக்மான்ஸின் மனைவி